இஞ்சின் தண்ணீர் விழும் மூலை

எனக்கு அம்மை போட்ட நான்காம் நாள் தொட்டியில் மீன்கள் சாக ஆரம்பித்தன.

நான் படுத்திருந்தது தோட்டத்து வீட்டின் கோடி அறை. ஒரு கதவு, ஒரு சன்னல். கதவில் வேப்பிலைக் கொத்து. சன்னலுக்கு வெளியே இருபதடி தள்ளித் தண்ணீர்த் தொட்டி. கிணற்று நீரைத் தேக்கி வயலுக்கு விடுவதற்காக அப்பா கட்டியது. நாற்பதடி நீளம், மார்பளவு ஆழம். அதில் எண்ணூறு கெண்டைக் குஞ்சுகள் இருந்தன. என் பேச்சைக் கேட்டு விட்டவை.

சேலத்தில் விலங்கியல் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கேட்ட அன்று வீட்டில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தனியாக இருக்கும்போது கேட்கும் தைரியம் இல்லாததால் கூட்டத்தில் கேட்டுவிட்டேன். அப்பா சிரித்தார்.

"மீனைப் படிச்சுப்போட்டு என்ன பண்ணுவ அம்மிணி?"

"வளர்க்கலாமுங்க. நம்ம தொட்டியிலயே வளர்க்கலாம்."

"செரி. வளர்த்திக் காட்டு. பொங்கலுக்கு வலை போடறப்பப் பாதி மீன் உசுரோட இருந்தா நீ மெட்ராசுக்குப் போ. இல்லாட்டித் தையில கல்யாணம். சங்ககிரித் தண்டாயுதபாணி ஊட்டுல கேட்டுட்டே இருக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் என் அப்பா சென்னிமலை நாலு பேர் முன் சொன்ன வார்த்தையை மாற்றியதாகப் எங்கள் ஊர் புதுச்சத்திரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாதி என்றால் நானூறு. அன்றிலிருந்து அந்த எண்ணோடுதான் எழுந்தேன், தூங்கினேன்.

மார்கழி பிறந்தது. மீன்கள் ஒரு சாண் நீளம் ஆகியிருந்தன. அப்போது எனக்கு அம்மை வந்தது.

முதல் நாள் பன்னிரண்டு மீன்கள் செத்தன. மறுநாள் பத்தொன்பது. தோட்டத்தில் இஞ்சின் ஓட்டும் மாதையன் ஒன்றைத் தூக்கி அப்பாவிடம் காட்டியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். செதில் ஓரங்களில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஏனுங்க, இதுக்கும் அம்மைங்க" என்றான் மாதையன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஊட்டுக்குள்ள வந்த ஆத்தா தொட்டிக்கும் எறங்கிட்டா."

அப்பாவுக்கு வேறு சந்தேகம். தொட்டியின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வருடம் கரண்ட் பாதி நாள் இருக்காது. மோட்டாரை நிறுத்திவிட்டு டீசல் இஞ்சினில் தண்ணீர் இறைப்போம். இஞ்சினைக் குளிர வைத்த தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத் தொட்டியில் விழும். கை வைத்தால் நன்றாகச் சுடும். செத்த மீன்களில் பெரும்பாலானவை அந்த மூலையில்தான் மிதந்தன.

"சுடுதண்ணியில வெந்து சாகுது. இதுல அம்மை எங்கிருந்து வந்துது?" என்றார் அப்பா.

"எதுவாச்சும் இருக்கட்டுங்க. ரெண்டுக்கும் குளுமைதான் பண்ணோணும்" என்றாள் அம்மா.

அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போவது அபூர்வம். அன்று ஒத்துப்போனார்கள். மாதையன் சுடுநீர்க் குழாயை வாய்க்கால் பக்கம் திருப்பினான். தொட்டியின் மேல் குறுக்கே மூங்கில் போட்டுத் தென்னங்கீற்றால் மூடினான். அம்மா கூடை கூடையாக வேப்பிலை போட்டாள். மதியத்துக்குள் தொட்டி முழுவதும் நிழலாகிவிட்டது.

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் செய்தது தவறு என்று எனக்குத் தெரிந்தது.

அந்த மூலையை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மை அறையில் வேறு வேலை கிடையாது. இஞ்சின் ஓடும்போது மீன்கள் அந்த மூலைக்கு வரும். எல்லா மீன்களும் அல்ல. துள்ளித் திரிந்தவை ஆழத்தில் இருந்தன. தலையைத் தொங்கப்போட்டு மெதுவாக நீந்தியவை மட்டும் நீளமான தொட்டியைக் கடந்து அங்கே வந்து நின்றன. சூடு அவற்றை நோயாளியாக்கவில்லை. நோயாளியான பிறகு சூட்டைத் தேடி வந்தன. அங்கே வந்தும் சில செத்தன. அதனால் பிணம் அங்கே மிதந்தது.

மூன்றாம் வருடம் எங்கள் பேராசிரியை ஒரு வகுப்பில் சொல்லியிருந்தார். மீனுக்கு நம்மைப் போல உடம்புக்குள்ளேயே காய்ச்சலை மூட்டத் தெரியாது. நீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. எனவே நோய் வந்தால் அது சூடான நீரைத் தேடி நீந்தும். காய்ச்சல் அதனிடம் வராது, அது காய்ச்சலிடம் போகும். வெளிநாட்டில் தொட்டி வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்துவிட்டால் அந்தச் செல் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் சாவதற்குள் ஒரு பொருளைச் செய்து வெளியே விடும். பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாதபடி தயாராகிவிடும். இன்டர்ஃபெரான் என்று பெயர். வந்தது எந்த வைரஸ் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. முன்பு பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. அந்தந்த வைரஸுக்கென்று எதிர்ப்பொருள் உருவாக மீனுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க இதுதான் துணை. நீர் குளிர்ந்திருந்தால் இந்தப் பொருள் மெதுவாகச் சுரக்கும், வைரஸ் முந்திக்கொள்ளும். நீர் சூடாக இருந்தால் உடம்பு முந்தும்.

தொட்டியில் இருந்தது வைரஸ்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. என்னிடம் நுண்ணோக்கி இல்லை. ஆனால் மீன்கள் எங்கே போக விரும்பின என்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தைத்தான் அடைத்துவிட்டார்கள்.

அம்மா கம்மங்கூழோடு வந்தாள். வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, கீத்தை எடுக்கச் சொல்லும்மா. குழாயைப் பழையபடி திருப்பச் சொல்லு. மீனுக்குச் சூடு வேணும்."

"காய்ச்சல்ல பினாத்தாத கண்ணு. அம்மை போட்டதுக்கு எவளாச்சும் சூடு வெப்பாளா?"

அம்மா போன பிறகு நோட்டுத் தாளைக் கிழித்து அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுதினேன். பெயர் போட்டு, காரணங்களை வரிசையாக எழுதினேன். சாயங்காலம் அம்மாவிடம் நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"இந்த அறையிலிருந்து ஒரு துரும்பு வெளிய போகக்கூடாது. மூணாந் தண்ணி ஊத்தட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அம்மை கண்டவள் வெளியே வரக்கூடாது. அதற்கு இன்னும் ஒன்பது நாள். மறுநாள் நாற்பது மீன்கள் செத்தன. அடுத்த நாள் அறுபத்தாறு. மாதையன் கீற்றைத் தூக்கிக் கூடையில் அள்ளுவான். நான் சன்னலில் நின்று எண்ணுவேன். அதற்கு அடுத்த நாள் எண்பத்தைந்து. எண்ணூறில் ஐந்நூற்று எழுபத்தெட்டு மிச்சம். இப்படி ஏறிக்கொண்டே போனால் இரண்டே நாளில் நானூறுக்குக் கீழே இறங்கிவிடும்.

கத்தியிருக்கலாம். அப்பா தொட்டிக்கருகே வரும்போதெல்லாம் வாயைத் திறந்தேன். கூடவே யாராவது இருப்பார்கள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் நின்றவள் நான். தொண்டைக்குள்ளும் கொப்புளம். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தினமும் காலையில் அம்மா என் தலைமாட்டில் விளக்கு வைத்துவிட்டுக் கேட்பாள்.

"ஆத்தா, உனக்கு என்ன வேணும்?"

அவள் கேட்பது என்னையல்ல. அம்மை கண்டவளின் உடம்பில் மாரியாத்தாள் இருக்கிறாள். அவள் இளநீர் கேட்டால் இளநீர், பழையசோறு கேட்டால் பழையசோறு. மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. நான் ஒவ்வொரு நாளும் "ஒண்ணும் வேண்டாம்" என்று என் குரலில் சொல்லி வந்தேன். ஆத்தாள் என்று ஒருத்தி எனக்குள் இருப்பதாக நடிக்க வெட்கமாக இருந்தது.

எண்பத்தைந்து செத்ததற்கு மறுநாள் காலை அம்மா கேட்டபோது அப்பா கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். மாதையனும் அவருக்குப் பின்னால் நின்றான்.

"ஆத்தா, உனக்கு என்ன வேணும்?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். தலை வாரி எட்டு நாள் ஆகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கண் திறந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"எனக்குத் தலைக்கு ஊத்தறதுக்கு எந்தத் தண்ணி வெப்பே?"

குரல் கரகரவென்று வந்தது. கொப்புளத்தால் வந்த கரகரப்பு. அம்மாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"வெயில்ல வெச்ச தண்ணி தாயே. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு நாள் பூராம் வெயில்ல காய வெச்ச தண்ணி."

"எனக்கு வெயில்ல காஞ்ச தண்ணி. என்ற புள்ளைகளுக்கு மட்டும் நெழலும் பச்சத் தண்ணியுமா?"

பிறகு அப்பாவின் குரல் கேட்டது. அவர் என்னிடம் அப்படிப் பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"என்ன பண்ணோணும், சொல்லு தாயி."

"கீத்தை எடு. வெயிலை உடு. எனக்குன்னு ஒரு மூலை வெச்சிருந்தீங்க. அதைத் திருப்பிக் குடு. விடிஞ்சதுலிருந்து பொழுது போற வரைக்கும் இஞ்சின் ஓடட்டும்."

"டீசலு..." என்று மாதையன் ஆரம்பித்தான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஓடினான்.

அரை மணி நேரத்தில் கீற்றுகள் தரையில் கிடந்தன. இஞ்சின் சத்தம் கேட்டது. குழாயிலிருந்து ஆவியோடு தண்ணீர் விழுந்தது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்பாக ஒரு முதுகு அந்த மூலைக்கு வந்தது. பின்னால் இன்னொன்று. மதியத்துக்குள் அங்கே தண்ணீர் தெரியவில்லை, மீன்தான் தெரிந்தது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஆத்தாள் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

அன்று எழுபது செத்தன. மறுநாள் நாற்பத்தெட்டு. ஆனால் அந்த நாற்பத்தெட்டில் பாதி வேறு மாதிரி செத்தவை. வாயை மேலே தூக்கிக் காற்றைக் குடித்துக்கொண்டே செத்தவை. சூடான நீரில் காற்று குறைவாகக் கரையும், கூட்டமோ அதிகம். அதை நான் மறந்துவிட்டேன். இன்னொரு முறை கண்ணை மூட வேண்டியிருந்தது.

"கெணத்துத் தண்ணி வர்ற பெரிய பைப்பைத் தொட்டிக்கு நடுவால தூக்கிக் கட்டு. தண்ணி மேலிருந்து உழுகட்டும். நொரை கெளம்போணும்."

மாதையன் கயிறு தேடிக்கொண்டு போகும்போது முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "நம்மூரு ஆத்தாளுக்குப் பம்புசெட் வேலைகூடத் தெரியுதே. நாமக்கல்லுல மெக்கானிக்கைக் கூப்பிட்டா ரெண்டு நாளு கழிச்சு வாரேங்கறான்."

அடுத்த நாள் இருபது. பிறகு ஆறு. அதற்குப் பிறகு கூடை காலியாகவே இருந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி நான் வெளியே வந்தபோது முற்றத்தில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேற்குத் தோட்டத்து முத்தாயம்மாள் எலுமிச்சம்பழத்தோடு என் காலில் விழப்போனாள். அவளுக்கு என் அம்மாவைவிடப் பத்து வயது அதிகம்.

"என்ற மவன் போர் போடற ரிக் வண்டியில ஆந்திராவுக்குப் போயிருக்கறான் சாமி. மூணு மாசமாக் காயிதமில்ல. ஒரு வார்த்தை சொல்லு சாமி."

"எனக்குத் தெரியாதுங்க."

"ஆத்தா இன்னிக்கு வாயைத் தொறக்க மாட்டேங்கறா" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழமை வாரேன்."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். செவ்வாய்க்கிழமையும் வந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாததே பெரிய வாக்காகிவிட்டது. அம்மா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். அதட்டுவதை நிறுத்திவிட்டாள். வயலுக்குப் போக விடவில்லை. தீட்டு படும் என்றாள். அம்மை அறையில் எனக்கு ஒரு சன்னலாவது இருந்தது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சங்ககிரியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: ஆத்தா எறங்குன பிள்ளையை மருமகளாகக் கொண்டுபோய் நாங்கள் எப்படி வேலை வாங்குவது, மன்னித்துவிடுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள் வலை போட்டார்கள். நானூற்று முப்பத்து நான்கு. நானே எண்ணினேன். அப்பா கிணற்றடியில் தனியாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"பாதிக்கு மேல இருக்குதுங்க."

"இருக்குது கண்ணு. ஆத்தா காப்பாத்திப்போட்டா."

"நீங்க சொன்னீங்களே..."

"சொன்னேன். உன்ற படிப்பு மீனைப் பொழைக்க வெச்சா அனுப்பறேன்னு சொன்னேன். படிப்பா பொழைக்க வெச்சுது? ஆத்தா வாயைத் தொறந்து சொன்னா, நாங் காதுல கேட்டேன்."

அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. முகம் தெளிவாக இருந்தது. உண்மையாகவே நம்பினார். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்தா பேசலீங்க. நான்தான் பேசினேன்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். மூலையைப் பற்றி, மீனின் காய்ச்சலைப் பற்றி, சீட்டை அம்மா வாங்க மறுத்ததைப் பற்றி. நோயை எதிர்த்து உடம்பு செய்யும் பொருள் சூட்டில் சீக்கிரம் சுரக்கும் என்பதைப் பற்றி. வாழ்க்கையில் அப்பாவிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் குறுக்கிடவில்லை.

"பைப்பைத் தூக்கிக் கட்டச் சொன்னது?"

"அதுவும் நான்தானுங்க. முதல்லயே சொல்லியிருக்கோணும். மறந்துட்டேன்."

அந்தப் பதில்தான் அவரை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். ஆத்தாள் மறக்க மாட்டாள். அவர் தொட்டியைப் பார்த்தார்.

"வேற யாருகிட்டச் சொன்ன?"

"யாருகிட்டயும் இல்லீங்க."

"சொல்லாத. உங்கம்மா பங்குனியில தீச்சட்டி எடுக்கறதா வேண்டியிருக்கறா. நீ ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் பேசுனது தெரிஞ்சா அந்த பயத்துலயே செத்துப்போயிருவா."

"செரிங்க."

"நான் சொன்ன சொல்லு சொல்லுதான். நீ போலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நானாப் போகச் சொன்னா அவ உட மாட்டா. ஆத்தா எறங்குன புள்ளையை ஊரு தாண்டி அனுப்புவாளா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவ கேக்கறப்ப ஆத்தாளே சொல்லட்டும்."

"இன்னொருக்காவாங்க?"

"ஒருக்காத்தான்."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவின் எதிரில் போய், கண்ணைத் திறந்துகொண்டு, "நான்தான், உன் மகள்தான் கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுவதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். கூடவே அம்மா தட்டைத் தவறவிட்ட சத்தமும் கேட்டது.

காலையில் அம்மா விளக்கேற்றினாள். வெளியே முத்தாயம்மாளும் மற்றவர்களும் இருந்தார்கள். அப்பா கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, உனக்கு என்ன வேணும்?"

கண்ணை மூடினேன். தொண்டையில் கொப்புளம் இல்லை. கரகரப்பை நானே வரவழைக்க வேண்டியிருந்தது.

"இந்தப் புள்ளை படிக்கோணும். மெட்ராசுக்கு அனுப்பு."

அம்மா விம்மியது கேட்டது. நான் நினைத்ததைவிடச் சுலபமாகச் சம்மதித்தாள்.

"உன்ற சித்தம் தாயே. அனுப்பறேன்."

நான் கண்ணைத் திறக்கப் போனேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"எப்பத் திருப்பிக் குடுப்ப?"

இதை நானும் அப்பாவும் யோசித்திருக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். எம்.எஸ்ஸி. இரண்டு வருடம்.

"ரெண்டு வருசத்துல."

"ரெண்டு வருசம் முடிஞ்சா இங்கயே கொண்டாந்து உட்டுடுவயா?"

"உட்டுடறேன்."

"அப்பறம் எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டயே? இந்த ஊட்டுலயே என்ற கண்ணு முன்னால இருக்கோணும். வாக்குக் குடு தாயே."

அப்பா இருமினார். நான் யாருடைய பெயரில் பேசிக்கொண்டிருந்தேனோ அவள் அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல மாட்டாள். சொன்னால் அது வேறு யாரோ என்று தெரிந்துவிடும்.

"குடுத்தேன்" என்றேன்.

வாசலில் இருந்த பெண்கள் கும்பிட்டார்கள். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் கண்ணைத் திறந்தபோது என் தலையைத் தடவினாள். நான்கு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைத் தன் மகளாகப் பார்த்தாள். இவ்வளவு நேரம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"கண்ணு, ஆத்தா உன்னையப் படிக்கப் போகச் சொல்லீட்டா. ரெண்டே வருசம். அப்பறம் எங்கயும் போக வேண்டியதில்லையாம். இங்கயேதான் இருப்பயாம். சத்தியமா வாக்குக் குடுத்துட்டா."

"செரிம்மா" என்றேன்.